வலது கையில் வாழைக்காய்க் கறை

அத்தியாயம் 5

"நாம குற்றவாளியைப் பிடிக்க வந்தோமா, இல்ல நீ சாப்பிட வந்தியா?" என்று டோன்யா எல்வியா கேட்டபோது என் வாயில் மூன்றாவது பத்தகோன் இருந்தது. வாழைக்காயை வெட்டி, பொரித்து, தட்டி, மறுபடியும் பொரித்த சமாசாரம். வாயில் வைத்தால் பேச்சு வராது.

மென்று விழுங்கிவிட்டுச் சொன்னேன். "ரெண்டுக்கும்தான் டோன்யா. பசியோட பார்த்தா எனக்கு எல்லார் மூஞ்சியும் வறுத்த மீனாத்தான் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. பதினொரு வருடமாக அவருக்குக் கார் ஓட்டுகிறேன்; டோன்யா என்பது இங்கே பெரிய மனுஷிகளை மரியாதையாகக் கூப்பிடுவது. அவர் சிரித்ததை எண்ண ஒரு கை போதும். சுகாதாரத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த பர்ரான்கியா நகரத்தில் கெட்டுப்போன இறாலையும் போலி டாக்டரையும் ஒரே மூக்கால் கண்டுபிடித்த பெண்மணி. ஓய்வுக்குப் பிறகும் மூக்கு சும்மா இருக்கவில்லை. ஜனங்கள் தேடி வருகிறார்கள். அவர் துப்பறிகிறார், நான் வண்டி ஓட்டுகிறேன், நடுநடுவே வாயையும் ஓட்டுகிறேன்.

இந்த முறை தேடி வந்தவள் எதில்சா. லா திரினித்தாரியா பேட்டையின் மூலையில் பொரியல் கடை வைத்திருப்பவள். அவள் மகள் யுரானிஸ்தான் பேட்டையின் கார்னிவல் ராணி. இருபத்திரண்டு வயது. ஆட ஆரம்பித்தால் தெரு நாய்கூட உட்கார்ந்து பார்க்கும். கார்னிவலுக்கு இன்னும் பத்தே நாள். எல்லாப் பேட்டை ராணிகளும் மோதும் பெரிய போட்டி அதற்கு முந்தைய வாரம். ஆனால் ராணி இப்போது ஜன்னலை மூடிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

பருத் தழும்பை எடுக்கிறேன் என்று, பேட்டையில் அழகு நிலையம் நடத்தும் மார்லேனி ஒன்பது நாளைக்கு முன் அவள் முகத்தில் அமிலம் பூசினாள். மேல்தோல் ஒரு வாரத்தில் உரிந்து, அடியில் புதுத்தோல் பளிச்சென்று வரும் என்பது கணக்கு. வந்தது புண். கன்னம் இரண்டும் நெற்றியும் கருகி, பொருக்குத் தட்டி, டாக்டர் பார்த்துவிட்டு, "தழும்பு நிக்கும்" என்று சொல்லிவிட்டார்.

"வேற பேட்டைக்காரங்க மார்லேனியை விலைக்கு வாங்கிட்டாங்க டோன்யா" என்றாள் எதில்சா, வாழைக்காயின் தோலைக் கத்தியால் நெம்பியபடி. "இல்லேன்னா யாரோ புட்டியை மாத்தி வெச்சிருக்காங்க. எம் பொண்ணு ஜெயிச்சிடுவாள்னு பயம். நாளைக்கு ஒம்பது மணிக்கு அரசு வக்கீல் முன்னாடி எம் புகாரை எழுதி எடுத்துக்கறாங்க. அதுக்கு முன்னாடி யார்னு கண்டுபிடிச்சுக் குடுத்துடுங்க."

"அப்போ மார்லேனி உள்ளே போயிடுவா" என்றார் டோன்யா.

"போகட்டுமே! எம் பொண்ணு வெளியவே வர முடியாம கெடக்கறா."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். மனசு கலங்கும்போதெல்லாம் நான் ஏதாவது உளறுவது வழக்கம்.

"அக்கா, கையெல்லாம் கறை. எலுமிச்சம்பழத்தைத் தேச்சு விடு. நாளைக்கு அரசு வக்கீல் உன்னையே சந்தேகப்படப் போறாரு."

எதில்சா தன் கையைப் பார்த்தாள். அரை எலுமிச்சையை எடுத்து, உப்பில் தோய்த்து, பரபரவென்று தேய்த்தாள். விரல் சுத்தமானது. வலது கையில் ஆள்காட்டி விரல் நகமும் நடுவிரல் நகமும் மட்டும் துருப்பிடித்த நிறத்திலேயே இருந்தன. இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"பாழாப்போன வாழைக்காய். இது மட்டும் போகவே மாட்டேங்குது" என்றாள்.

டோன்யா எல்வியா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டார். "லிபார்தோ, வண்டியை எடு."

வண்டியில் ஏறும் வரை நாலு பேர் என் முதுகில் தட்டினார்கள். பேட்டையில் என் வாய்க்கு ஒரு பெயர் உண்டு. அக்டோபரில் யுரானிஸ் ராணியாகி முதல் ஊர்வலம் வந்தபோது கூட்டத்துக்கு நடுவிலிருந்து நான் அடித்த ஒரு கமெண்டுக்குத் தெருவே குலுங்கியது. யார் சொன்னது என்று பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற டோன்யா மட்டும்தான் சிரிக்கவில்லை. அவரைத்தான் சொன்னேனே.

*

மார்லேனி வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் 'தோலை உரிச்சவ' என்று எழுதியிருந்தார்கள். முன்னறைதான் அவள் அழகு நிலையம். சாய்வு நாற்காலி, மின்விசிறி, கண்ணாடி அலமாரி, அதில் வரிசையாகப் புட்டிகள். மார்லேனிக்கு ஐம்பது வயதிருக்கும். ஒன்பது நாளில் அறுபது ஆகியிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று டோன்யா கேட்டார்.

"கடைக்குப் போனா யாரும் சாமான் குடுக்க மாட்டேங்கறாங்க டோன்யா."

நான் உதட்டோரத்துப் பத்தகோன் எண்ணெயைத் துடைத்துக்கொண்டேன்.

டோன்யா அலமாரியைப் பார்த்தார். "எந்தப் புட்டி?"

மார்லேனி எடுத்துக் கொடுத்தாள். "இருபத்தாறு வருஷமா இதே மருந்துக் கடைக்காரர்தான் கலந்து தர்றாரு. எப்பவும் ஒரே வீரியம். அன்னிக்கும் இதேதான்."

"மாத்தி வெச்சிருக்கலாமே" என்றேன் நான். "நீங்க அந்தப் பக்கம் திரும்பும்போது, இந்தப் பக்கம்..."

அவள் இடது கைச் சட்டையை முழங்கை வரை ஏற்றி, கையைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் மணிக்கட்டிலிருந்து மேலே வரை துவரம்பருப்பு அளவில் வெளிறிய புள்ளிகள் வரிசையாக இருந்தன. நான் எண்ண ஆரம்பித்து, நாற்பதில் விட்டுவிட்டேன்.

"என்ன மார்லேனி இது, சிறுத்தைக்கு வாக்கப்பட்டீங்களா?"

"ஒவ்வொருத்தருக்கும் போடறதுக்கு முன்னாடி அதே புட்டியிலேர்ந்து ஒரு சொட்டு எனக்கு. அவங்க கண் முன்னாடியே. எனக்குத் தாங்காததை அவங்களுக்குப் போட மாட்டேன். எங்கிட்ட கணக்குப் புத்தகம் கெடையாது, இதுதான்."

டோன்யா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே குனிந்தார். "கடைசிப் புள்ளி?"

"இது. யுரானிஸோடது. அதுக்கப்புறம்தான் யாரும் வரலியே."

அந்தப் புள்ளி இளஞ்சிவப்பாக, உரிந்து, ஆறிப்போய், மற்றப் புள்ளிகளைப் போலவே சாதுவாக இருந்தது. அந்தச் சொட்டில் தோலைக் கருக்கும் அமிலம் இருந்திருந்தால் அங்கே ஒரு குழி இருந்திருக்க வேண்டும்.

"சொட்டு வெச்சப்புறம் புட்டியைக் கீழே வெச்சியா?"

"இல்ல டோன்யா. இந்தக் கையிலே புட்டி, இந்தக் கையிலே தூரிகை."

ஆக, புட்டியை மாற்றிய வில்லன் செத்தான். காலையிலிருந்து நான் அவனுக்கு மீசையெல்லாம் வைத்துக் கற்பனை செய்திருந்தேன்.

"பூசினதும் என்ன ஆச்சு? மெதுவாச் சொல்லு."

மார்லேனி தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "வழக்கமா ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அப்புறம் மாவு தூவின மாதிரி லேசா வெள்ளை படரும். அதுதான் போதும்னு அடையாளம். அன்னிக்குத் தூரிகையை எடுக்கறதுக்குள்ள வெளுத்துப் போச்சு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி. தண்ணி தண்ணின்னு கத்தினேன். கழுவறதுக்குள்ள..." என்று நிறுத்தினாள். "ஆனா தாடைக்குக் கீழேயும் கொஞ்சம் இழுத்திருந்தேன், கோடு தெரியக் கூடாதுன்னு. கழுத்துல ஒண்ணுமே ஆகல. அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"முகத்துக்கு வேற என்ன போடறேன்னு அவளைக் கேட்டியா?"

"கேக்காம இருப்பேனா? சோப்பும் தண்ணியும்தான்னு சொன்னா."

"உடனே சொன்னாளா?"

மார்லேனி யோசித்தாள். "அம்மா பக்கத்துல உக்காந்திருந்தா. அம்மாவை ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னா."

டோன்யா புட்டியைத் திருப்பிக் கொடுத்தார். படியிறங்கும்போது, "கடைக்குப் போய் அவளுக்கு ரொட்டியும் முட்டையும் வாங்கிக் குடுத்துட்டு வா. எம் பேரைச் சொல்லி வாங்கு" என்றார். கடைக்காரன் முறைத்தான். நானும் முறைத்து வாங்கிக் கொடுத்தேன்.

*

யுரானிஸின் அறை ஜன்னலில் திரைக்குப் பதிலாக அவளுடைய ராணி உடுப்பு தொங்கியது. மஞ்சளும் சிவப்புமாக ஜிகினா வைத்துத் தைத்த கனமான துணி, வெயிலுக்கு ஒரு பொட்டு இடம் விடவில்லை. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க டோன்யா. வாங்க மாமா. மாமா, இன்னிக்குக் கமெண்டு ஒண்ணும் இல்லியா?"

"ராணி முன்னாடி வாயைத் தெறந்தா தலையை வெட்டிடுவாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நான் இப்போ ராணி இல்ல. நேத்துக் காலைல கிரீடத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க. ரெண்டாவதா வந்தவளுக்கு."

டோன்யா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு படங்கள். ஒன்று செப்டம்பரில் எடுத்தது: கடற்கரையில் யுரானிஸ், முகம், கழுத்து, தோள் எல்லாம் ஒரே நல்ல கறுப்பு, பல் தெரியச் சிரிப்பு. இன்னொன்று இந்த ஜனவரியில் ஊரெல்லாம் ஒட்டின போஸ்டர்: கிரீடம், தூக்கின தாடை. முகம் மட்டும் கழுத்தைவிட இரண்டு படி வெளுப்பு.

"போட்டோக்காரன் வேலை" என்று நான் குசுகுசுத்தேன். "அவன் எம் மூஞ்சியை எடுத்தாக்கூட..."

"அவன் வேலையா இருந்தா கழுத்தையும் சேர்த்து வெளுத்திருப்பான்" என்றார் டோன்யா. பிறகு யுரானிஸிடம், "மகளே, கழுத்தை மட்டும் காட்டு. முகம் வேண்டாம்" என்றார்.

அவள் தலையைத் தூக்கி, கூந்தலை ஒதுக்கினாள். தாடை எலும்பு வரை பொருக்கு. அதற்குக் கீழே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல, வழவழவென்று கறுத்த கழுத்து. அமிலம் அங்கேயும் பட்டிருந்தது. கழுத்து தாங்கியிருக்கிறது, முகம் தாங்கவில்லை.

"வலிக்குதா?"

"வலி போயிடுச்சு. அரிப்புதான்." கூந்தலை மறுபடியும் இழுத்து விட்டுக்கொண்டாள். "டோன்யா, மார்லேனி அக்கா ஜெயிலுக்குப் போவாங்களா?"

"நாளைக்குக் காலைல உங்கம்மா புகாரைக் குடுத்தா, போவா."

"வாபஸ் வாங்கும்மான்னு கால்ல விழாத குறையாச் சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குது."

"ஏன் வாபஸ் வாங்கணும்னு அவகிட்டச் சொன்னியா?"

அவள் பாவாடை ஓரத்தை விரலில் சுற்றினாள்.

"முகத்துல என்ன போட்டே மகளே?"

"நான் ஒண்ணும் போடல டோன்யா" என்றாள். அந்த 'நான்' கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. பிறகு, ஜன்னல் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சின்னதுலேர்ந்து எங்கம்மா என்னைக் கறுப்பின்னுதான் கூப்பிடும். தெருக்கோடிலேர்ந்து கத்தும், 'ஏ என் கறுப்பி, சாப்பிட வாடி'ன்னு. அக்டோபர்லேர்ந்து ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிடல. ராணிங்குது, செல்லம்ங்குது. யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு."

டோன்யா அவள் தலையில் கை வைத்தார். அவர் யாரையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

*

மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் கூட்டமில்லை. எதில்சா எண்ணெயைக் காய வைத்துக்கொண்டு, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரியும். எனக்கு ஒரு வாழைக்காய் உரிச்சுக் காட்டு" என்றார் டோன்யா.

எதில்சா என்னைப் பார்த்தாள். நான் தோளைக் குலுக்கினேன். அவள் ஒரு காயை இடது கையில் இறுக்கிப் பிடித்து, வலது கையில் கத்தியை வாங்கி, தோலை நீளமாகக் கீறி நெம்பினாள். வெள்ளைப் பால் வடிந்து இடது கை விரலெல்லாம் இறங்கியது. வலது கையில் கத்திப் பிடிதான் இருந்தது.

"போதும்" என்றார் டோன்யா. "கறை எந்தக் கையிலே?"

எதில்சா இடது கையைப் பார்த்தாள்.

"இருபது வருஷமா வாழைக்காய் உரிக்கறே. காயைப் பிடிக்கற கையிலே கறை, எலுமிச்சம்பழம் தேச்சாப் போயிடுது. கத்தி பிடிக்கற கையிலே ரெண்டே ரெண்டு நகத்துல கறை, அது எதுக்கும் போக மாட்டேங்குது. அந்த ரெண்டு விரலால நீ எதைத் தொடறே எதில்சா?"

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. நான் எட்டி அடுப்பைத் தணித்தேன்.

"மார்க்கெட்டுல விக்கற வெளுப்புக் களிம்பு" என்றார் டோன்யா. "பெரிய டப்பாவிலேர்ந்து கரண்டியால அள்ளிக் குடுப்பாங்க. சீட்டு கெடையாது, பேர் கெடையாது. நான் வேலைல இருந்தப்போ அந்த மாதிரி எத்தனை டப்பாவைக் கொட்டியிருக்கேன்! தடவறவங்க நகத்துல இதே துரு ஏறும். மூணு மாசம் தடவினா முகத்துத் தோல் வெங்காயச் சருகாயிடும். அதுமேல மார்லேனி வெச்ச அமிலம் எல்லாருக்கும் வைக்கறதுதான்."

எதில்சா கத்தியை மெதுவாகப் பலகையில் வைத்தாள்.

"தூங்கறப்போதான் தடவினேன்" என்றாள். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா வேணாம்பான்னு, தூங்கினப்புறம் மெதுவா..."

"அவளுக்குத் தெரியும்."

"இல்ல."

"மார்லேனி கேட்டப்போ உன்னைப் பார்த்துட்டு, சோப்பும் தண்ணியும்னு சொன்னா. தினமும் உன் விரல் படறதுக்குக் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்திருக்கா. உனக்காக."

எதில்சா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். துரு ஏறிய இரண்டு விரலையும் மடியில் மறைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரியே எனக்கு மனசுக்குள்ள உறுத்திச்சு டோன்யா. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். வேற யாராவதா இருக்கணும்னு. நீங்க எப்படியாவது வேற ஒருத்தரைக் கண்டுபிடிச்சுடுவீங்கன்னு."

"மார்லேனியையா?"

"யாரையாவது."

என்ன மனசு இது என்று எனக்கு ஒரு நிமிடம் ஆத்திரம் வந்தது. ரொட்டிக்கு வழியில்லாமல் ஒருத்தி அங்கே கிடக்கிறாள். வாயைத் திறந்து, "ஏன்க்கா? அந்தப் பொண்ணுக்கு என்ன குறைச்சல்னு இந்தக் கிறுக்குத்தனம்?" என்றேன்.

எதில்சா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீயும்தான் அன்னிக்கு இருந்திருப்பே லிபார்தோ. அக்டோபர்ல, முதல் ஊர்வலம். எம் பொண்ணு தேவதை மாதிரி வண்டில நிக்கறா. கூட்டத்துலேர்ந்து எவனோ ஒருத்தன் கத்தினான்: 'நாலு பாக்கெட் சோளமாவைக் கொட்டுங்கடா, அப்போதான் ராணி கண்ணுக்குத் தெரிவா!' தெருவே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. கையசைச்சுக்கிட்டே சிரிச்சா. அப்போ அவ கண்ணை நான் பார்த்தேன். மறுநாள் காலைல மார்க்கெட்டுக்குப் போனேன்."

கார்னிவலில் ஒருவர் மேல் ஒருவர் சோளமாவு கொட்டுவது எங்கள் வழக்கம். கறுப்பு, வெளுப்பு, பணக்காரன், பிச்சைக்காரன் எல்லாரும் நாலு நாளைக்கு ஒரே வெள்ளை. அதை வைத்துத்தான் அந்தக் கமெண்டு. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை யோசித்தவன் நான். வண்டி எங்களைத் தாண்டுவதற்குள் சொல்லிவிட வேண்டுமே என்று அவசரப்பட்டது வரை ஞாபகம் இருக்கிறது.

டோன்யா எல்வியா அரை எலுமிச்சையைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

"நீங்க துப்பறியறவங்க ஆச்சே" என்றாள் எதில்சா. "அவனைக் கண்டுபிடிங்களேன் பார்ப்போம்."

தெருவில் பிள்ளைகள் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கார்னிவல் தாளம் போட்டுப் போனார்கள். இந்த வாயிலிருந்து இரண்டே வார்த்தை வர இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"நான்தான்க்கா."

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"சும்மா... விளையாட்டுக்குத்தான்..."

"விளையாட்டுக்கு" என்றாள் எதில்சா. அந்த ஒரு வார்த்தையை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்தாள். என் முன்னால் காலையிலிருந்து கிடந்த தட்டை எடுத்து, மிச்சத்தை நாய்க்குக் கொட்டினாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"டோன்யா, அரசு வக்கீல் ஆபீசு நாலரை வரைக்கும் இருக்கும்ல? நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இப்பவே போய்ச் சொல்லிடறேன். அப்படியே மார்லேனி வீட்டுக்கும் போகணும். அந்தச் சுவரை நான் கழுவறேன்."

"வா. நானும் வர்றேன்" என்றார் டோன்யா.

நான் கார் சாவியை எடுத்தேன். எதில்சா கையை நீட்டித் தடுத்தாள்.

"நாங்க பஸ்ஸுல போய்க்கறோம். எம் பங்கை நான் போய்ச் சொல்றேன். உம் பங்கை நீ போய் எம் பொண்ணுகிட்டச் சொல்லு."

டோன்யாவைப் பார்த்தேன். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அவர் எனக்கு எந்த உத்தரவும் கொடுக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. அந்த இரண்டு தெருவிலும் அதே போஸ்டர். மூன்று பேர் என்னைப் பார்த்து, "லிபார்தோ, இன்னிக்கு என்ன ஜோக்கு?" என்றார்கள். ஜன்னலில் ஜிகினாத் துணி அப்படியே தொங்கியது. கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்றாள் யுரானிஸ் உள்ளேயிருந்து.

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் நாலைந்து பதில் தயாராக இருக்கும். ஒன்றுக்குமே அவள் சிரிக்காமல் இருந்ததில்லை.

"அக்டோபர்ல ஊர்வலத்துல கத்தினது நான்தான்மா" என்றேன் கதவைப் பார்த்து.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு மிக அருகில் அவள் குரல் வந்தது.

"தெரியும் மாமா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

கதவு திறக்கவில்லை.